காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ‘கவனக்குறைவு என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். முதலாளிகள் ஒரு பக்கம், தொழிலாளிகள் ஒரு பக்கம் என்று பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க வேலையிடப் பாதுகாப்பும் அதில் அரசின் தலையீடும்தான். நான் ஒன்பது வருடம் பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை அழுத்தி வெட்டும் பட்டறையில், எந்திரத்தின் முன்னால் நின்றவன். பிறகு இருபத்து நாலு வருடம் பாதுகாப்பு அலுவலர். இரண்டு பக்கத்துத் திட்டும் பழக்கம்தான். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். பெயர் போட்டால் இரண்டு பேருக்காவது வேலை போகும்.

கேள்வி: பதினான்கு பேர் வேலை செய்யும் உலோகப் பட்டறை வைத்திருக்கிறேன். இடம் என்னுடையது, எந்திரம் என்னுடையது, கடன் என் தலையில். யாரையும் கட்டி இழுத்து வரவில்லை. ஆபத்து தெரிந்துதான் வருகிறார்கள், அதற்கும் சேர்த்துத்தான் கூலி. இதில் அரசுக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்பதை 1842-லேயே ஒரு நீதிபதி தீர்ப்பாக எழுதிவிட்டார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவல் ஷா. ரயில் எஞ்சின் ஓட்டிய ஒருவரின் வலது கை நசுங்கிப் போனது. வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டை மாற்றும் சக ஊழியர் அதைத் தப்பாக விட்டுவிட்டுப் போனதால் வண்டி தடம் புரண்டிருந்தது. ஆபத்தான வேலைக்கு ஆபத்துக்கும் சேர்த்துத்தான் கூலி, கூட வேலை செய்பவன் செய்த தப்புக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று தீர்ப்பு. சட்டப்படி சுத்தமான வாதம். ஆனால் அந்த ஓட்டுநர் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஓடுகிற எஞ்சினிலிருந்து இறங்கி, முன்னால் ஓடிப்போய்ப் பாயிண்டைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஏறியிருக்க வேண்டுமா?

‘ஆபத்து தெரிந்துதான் வருகிறார்’ என்கிறீர்கள். உங்கள் பட்டறையில் போன மாதம் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு, கிரைண்டர் சக்கரத்தின் மேல் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் எழுதியிருக்கும் வேகத்தையும் மோட்டார் சுற்றும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியுமா என்று கேளுங்கள். சக்கரம் தாங்கக்கூடிய வேகத்தைவிட மோட்டார் வேகமாகச் சுற்றினால் சக்கரம் தெறிக்கும். அது உங்களுக்குத் தெரியும், சக்கரம் விற்றவருக்குத் தெரியும். அதன் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் கூலி பேச முடியுமா?

இன்னொன்று. எந்திரத்தில் கை சிக்காமல் தடுக்கும் கார்டு என்ற தடுப்பைப் போடாமல் விட்டால் மிச்சமாவது தினமும் உங்கள் பெட்டியில் விழும். நஷ்டமோ என்றைக்காவது ஒருநாள், வேறொருவர் கையில் விழும். உங்களைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு கணக்கு கையில் இருந்தால் நல்லவரும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். நானும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை இங்கே போடவில்லை. எதிர்த்த பட்டறைக்காரர் எக்ஸாஸ்டும் வைக்காமல், கார்டும் போடாமல், உங்களைவிடக் குறைந்த விலைக்கு ஆர்டர் எடுக்கிறார் என்று அதில் புலம்பியிருக்கிறீர்கள். அவரைப் போட வைக்க உங்களால் முடியுமா? உங்கள் தொழிலாளிகளால் முடியுமா? நீங்கள் வேண்டாம் என்கிற அந்த அரசுத் தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவரால்தான் முடியும்.

ஒரு கொசுறு. விபத்து யார் தப்பு என்று ஆராயாமல் முதலாளிகளின் பணத்தில் நிவாரணம் என்ற ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் முதலில் கொண்டுவந்தது ஜெர்மனி, 1884-ல். கொண்டுவந்தவர் பிஸ்மார்க். 1878-ல் சோஷலிஸ்டுகளைத் தடை செய்தவரும் அதே ஆள்தான். தொழிலாளிமேல் பாசம் பொங்கிச் செய்ததல்ல. ஆனாலும் அன்றிலிருந்து விபத்து என்பது முதலாளியின் செலவுக் கணக்கில் ஏறிவிட்டது. கணக்கில் ஏறிய பிறகுதான் அதைக் குறைக்க ஆள் தேடுவார்கள். என் உத்தியோகமே அப்படிப் பிறந்ததுதான்.

கேள்வி: நானும் சூப்பர்வைசர்தான் சார். பத்து விபத்தில் எட்டு, ஆளுடைய அசட்டையால்தான் நடக்கிறது. கண்ணால் பார்க்கிறேன். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

நானே அப்படி எழுதியிருக்கிறேன் என்பதால்.

பாதுகாப்பு வேலைக்கு வந்து ஆறு மாதம். 60 டன் பிரஸ். முன்னால் ஒரு கம்பிவலைக் கார்டு இருக்கும். அதைக் கீழே இறக்கினால்தான் லிமிட் ஸ்விட்ச் அமுங்கி, பெடலை மிதிக்கும்போது மேல் டை (தகட்டை அழுத்தும் மேல் அச்சு) இறங்கும். கார்டு மேலே இருந்தால் பெடலை எத்தனை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மதியம் அந்த எந்திரத்தில் ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல் போனது. தகடு சரியாக உட்காரவில்லை, கையை விட்டுத் தள்ளியிருக்கிறார், கால் பெடலில் இருந்திருக்கிறது. அறிக்கைப் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். சின்னக் கட்டம்தான், இரண்டு மூன்று சொல்லுக்குமேல் கொள்ளாது. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. மேலாளர் படித்துவிட்டு, பரவாயில்லையே, சீக்கிரம் கற்றுக்கொண்டாயே என்றார்.

நாலு நாள் கழித்து அதே எந்திரத்தின் பின்பக்கம் போனேன். லிமிட் ஸ்விட்சின் கையைக் கட்டுக்கம்பியால் சுற்றி, அமுக்கியபடியே கட்டி வைத்திருந்தது. கார்டு மேலே இருந்தாலும் கீழே இருப்பதாகவே எந்திரம் நினைத்துக்கொள்ளும். முன்னால் வேறொருவர் உட்கார்ந்து பீஸ் அடித்துக்கொண்டிருந்தார், கார்டு மேலேதான் இருந்தது. குனிந்து பார்த்தேன். கம்பியில் துரு ஏறியிருந்தது. புதுத் துரு இல்லை, விரலால் தேய்த்தால் உதிர்கிற துரு. அதைக் கட்டி மாதக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும்.

யார் கட்டியது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டியிருப்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கார்டை ஒவ்வொரு பீஸுக்கும் ஏற்றி இறக்கினால் இரண்டு மூன்று நொடி போகும். பிறகு உற்பத்திப் பிரிவில் உட்கார்ந்து பழைய தாள்களைப் புரட்டினேன். மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு வைத்திருந்தார்கள் அல்லவா, அந்த எண்ணிக்கை கார்டை இறக்கி அடித்தால் எட்டவே எட்டாது. அதாவது, இலக்கைக் குறித்த அன்றைக்கே கம்பி கட்டியிருந்தது. கம்பியை அவிழ்க்கிற ஆளுக்குச் சம்பளம் குறையும்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

ஒரு ஷிப்டில் பிரஸ் நாலாயிரம் முறை இறங்கும். நாலாயிரம் முறையும் அவர் கவனமாக இருக்க வேண்டும், பிரஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மனிதன் அசருவான். அசருவான் என்று தெரிந்தேதான் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அழுத்தினால் மட்டும் இயங்குகிற அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். கை எல்லைக்குள் வந்தால் ஒளிக்கதிர் அறுபட்டு எந்திரம் நிற்கிற அமைப்பு வந்தது. அதையெல்லாம் கட்டாயம் ஆக்கச் சட்டம் வேண்டியிருந்தது. உங்கள் பத்துக்கு எட்டையும் ஒருமுறை எந்திரத்தின் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். அசட்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தவனையும் பார்த்திருக்கிறேன், சக்கரம் சுற்றும்போது பந்தயம் கட்டியவனையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்.

அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்றேன். மேலே போய்விட்டது, விடு என்றார்கள். விட்டேன். விரல் போனவரைக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகும்போதெல்லாம் எழுந்து நின்று, வலது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் வைப்பார்.

கேள்வி: ஆய்வாளர் வருவதற்கு முன்னாலேயே எங்கள் கம்பெனிக்குத் தகவல் வந்துவிடுகிறது. அன்றைக்கு மட்டும் ஹெல்மெட் தருவார்கள், சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இப்படி ஒரு ஆய்வால் என்ன பிரயோஜனம்?

பெயிண்ட் அடித்தார்களா என்று எழுதவில்லையே! நான் பார்த்த இடங்களில் முதல் அறிகுறி அதுதான். வாசலிலேயே புதுப் பெயிண்ட் வாசனை அடித்தால், உள்ளே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

சொல்லாமல் வர வேண்டும் என்பது நம் ஆசை மட்டுமில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1947-ல் நிறைவேற்றிய 81-ஆவது உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல், இரவோ பகலோ, ஆய்வுக்குட்பட்ட எந்த வேலையிடத்திலும் நுழையலாம். அதே உடன்படிக்கையில் இன்னொரு பிரிவும் உண்டு. புகார் வந்துதான் வந்தேன் என்பதை ஆய்வாளர் முதலாளியிடம் மூச்சு விடக்கூடாது, புகார் கொடுத்தவர் யார் என்பது பரம ரகசியம். எழுதியவர்களுக்குத் தொழிற்சாலை எப்படி நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. தகவல் முன்கூட்டியே கசிகிற இடத்தில் கெட்டுப்போனது விதி இல்லை, யாரோ ஒருவரின் கைபேசி.

பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்கள். கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்த நிறுவனங்களை, ஆய்வு நடக்காத அதே மாதிரி நிறுவனங்களோடு ஒப்பிட்டு ஒரு ஆராய்ச்சி 2012-ல் வெளியானது. ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைவு, காயங்களுக்கான செலவு 26 சதவீதம் குறைவு. ஆய்வு வந்ததால் ஆட்குறைப்பு நடந்ததற்கோ வியாபாரம் படுத்ததற்கோ தடயம் கிடைக்கவில்லை. குலுக்கல் என்பதைக் கவனியுங்கள். எப்போது வருவார் என்று தெரியாததுதான் அதில் பாதி மருந்து.

ஆய்வாளராக இருக்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு யோசனை. மேலாளர் காட்டுகிற வழியில் போகாதீர்கள். நேராக அவசர வழிக் கதவுக்குப் போய்ப் பூட்டைப் பாருங்கள். பூட்டு புதிதாகத் திறந்து தொங்கிக்கொண்டிருந்தால், தாழ்ப்பாளில் தேய்ந்த தடத்தைப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி. பாதுகாப்பு விதிகள் ரத்தத்தால் எழுதப்பட்டவை என்று வகுப்பில் சொன்னார்கள். மிகைப்படுத்தலா?

இல்லையம்மா. இப்போது பூட்டைப் பற்றிச் சொன்னேனே, அதிலிருந்தே சொல்கிறேன்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, நியூயார்க். டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை, பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இருந்தது. வேலை முடிகிற நேரத்தில் எட்டாவது மாடியில் தீ. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. பெண்கள் துணி திருடிக்கொண்டு போகாமல், ஒரே வழியாக விட்டுப் பையைச் சோதிக்கலாம் என்பதற்காக. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் உன் வயசுப் பெண்கள், குடியேறி வந்தவர்கள். உரிமையாளர்கள் இருவர்மேலும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபணமாகவில்லை என்று ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள்.

அன்றைக்குக் கீழே தெருவில் நின்று, ஜன்னலிலிருந்து பெண்கள் குதிப்பதைப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். பிறகு அமைந்த விசாரணைக் குழுவின் பணியில் சேர்ந்தார், அரசியல்வாதிகளைத் தொழிற்சாலைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்தக் குழு வேலையை முடிப்பதற்குள் நியூயார்க் மாநிலத்தில் முப்பதுக்கும் மேல் சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டாதே, தீத்தடுப்புப் பயிற்சி கொடு, தண்ணீர் தெளிப்பான் வை என்பது மாதிரி. 1933-ல் அவர் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார், அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்.

இது நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று தோன்றினால், 2013 ஏப்ரல் 24-க்கு வா. வங்கதேசத்தில் டாக்கா அருகே ரானா பிளாசா என்ற கட்டடம். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கிக் கிளையும் கடைகளும் மறுநாள் மூடிக்கொண்டன. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வா என்றார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது, 1,134 பேர் இறந்தார்கள். அதே கட்டடம், அதே விரிசல். வங்கி ஊழியரால் வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தது, தையல்காரரால் முடியவில்லை. ‘யாரையும் கட்டி இழுத்து வரவில்லை’ என்று எழுதிய பட்டறை உரிமையாளருக்கும் இந்தப் பத்தி சேரட்டும்.

கேள்வி: அரசு ஆய்வாளருக்குப் பதில் தனியார் சான்றிதழ் நிறுவனங்களே போதாதா? அவர்களும் நிபுணர்கள்தானே?

கராச்சியில் 2012 செப்டம்பரில் ஒரு ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வழிகள் அடைப்பு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அந்தத் தொழிற்சாலை சர்வதேசச் சான்றிதழ் ஒன்றை வாங்கியிருந்தது. சான்றிதழ் கொடுப்பவருக்குக் காசு கொடுப்பது, சான்றிதழ் வேண்டியவர். மாப்பிள்ளை வீட்டாரே தரகருக்குக் கூலி கொடுத்தால் தரகர் மாப்பிள்ளையைப் பற்றி என்ன சொல்வார்? அரசு ஆய்வாளரும் கைநீட்டலாம், நீட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அது குற்றம். அங்கே அதுவே தொழில் முறை.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். ரானா பிளாசாவுக்குப் பிறகு ஆடை வாங்கும் பெரிய நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அதில் அரசு இல்லை. ஆனால் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், சங்கங்களுக்குச் சமமான இடம், ஆய்வு அறிக்கைகள் எல்லாரும் பார்க்கும்படி வெளியீடு. சுவரில் மாட்ட ஒரு தாள் வாங்குவது வேறு, இது வேறு.

கேள்வி: கட்டுப்பாடு கூடினால் தொழில் அடுத்த நாட்டுக்கு ஓடிவிடும். அங்கே விதி இல்லை. நம் தொழிலாளிக்கு வேலையும் போய், பாதுகாப்பும் போகுமே?

நியாயமான பயம். முதலாளிகள் இதைப் பூச்சாண்டியாகக் காட்டுவதும் உண்டு, உண்மையிலேயே நடப்பதும் உண்டு. தீக்குச்சியின் கதை இதற்கு நல்ல பதில்.

அந்தக் காலத் தீக்குச்சி மருந்தில் வெள்ளை பாஸ்பரஸ். எங்கே உரசினாலும் பற்றும், விலை மலிவு. அதன் ஆவியில் வேலை செய்தவர்களுக்கு முதலில் பல் வலி வரும். பல்லைப் பிடுங்குவார்கள், புண் ஆறாது. சீழ் கட்டி, தாடை எலும்பே அழுகும். தாடையை அறுத்தெடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. பின்லாந்து 1872-ல் தடை செய்தது, டென்மார்க் 1874-ல். மற்ற நாடுகள், நாங்கள் மட்டும் தடை செய்தால் பக்கத்து நாட்டுக் குச்சி நம் சந்தையைப் பிடிக்கும் என்றன. அப்படியே உங்கள் கேள்வி. 1898-ல் பிரான்சில் இரண்டு வேதியியலாளர்கள் மாற்று மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் எங்கே உரசினாலும் பற்றும், ஆனால் தாடையை அரிக்காது. 1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, எல்லாரும் சேர்ந்தே நிறுத்துவோம் என்று கையெழுத்துப் போட்டன. ஒரே நேரத்தில் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை அல்லவா?

அமெரிக்கா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் 1912-ல் வெள்ளை பாஸ்பரஸ் குச்சிமேல் விற்கவே முடியாத அளவுக்கு வரி போட்டது. அதற்கு முந்தைய வருடமே, மாற்று மருந்தின் காப்புரிமையை வைத்திருந்த டயமண்ட் மேட்ச் கம்பெனி, குடியரசுத் தலைவர் டாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் அதை விட்டுக்கொடுத்தது. போட்டியாளர்கள் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு கம்பெனியைப் பாராட்ட எனக்கு அடிக்கடி வாய்ப்பு வராது, அதனால் பெயரோடு எழுதுகிறேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பாதுகாப்பு என்ற பெயரில் இருபது பதிவேடு. நிரப்பவே ஒரு ஆள். இதனால் யாருடைய உயிராவது பிழைத்திருக்கிறதா?

இதில் பாதிக்கு நான் உங்கள் கட்சி. அறிவிப்புப் பலகையில் எழுத்து மங்கியிருக்கிறது என்று குறிப்பு எழுதிவிட்டு, அந்தப் பலகைக்கு நேர்கீழே கவசமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பார்க்காமலே போன ஆய்வாளரோடு நான் நடந்திருக்கிறேன். பலகை அவருடைய பட்டியலில் இருந்தது. பெல்ட் இல்லை.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பை ஆராய அமைத்த ராபன்ஸ் குழுவின் 1972 அறிக்கை, சட்டம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றே சொன்னது. எந்திரத்துக்கு ஒரு விதி, எந்திரத்தின் மூலைக்கு ஒரு விதி என்று வளர்த்ததில், அதிகாரி சொன்னதைச் செய்தால் போதும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள் என்று. 1974-ல் வந்த புதுச் சட்டம் ஒரே பொதுக்கடமையை வைத்தது. நியாயமாகச் செய்யக்கூடியது அத்தனையும் செய், எப்படி என்று நீயே யோசி, யோசித்ததைக் காட்டு. அந்த வருடம் அங்கே வேலையில் இறந்த ஊழியர்கள் 651. சமீப வருடங்களில், சுயதொழில் செய்பவர்களையும் சேர்த்தே, வருடத்துக்கு 120-லிருந்து 145 வரை என்ற அளவில் நிற்கிறது. சுரங்கமும் கப்பல் கட்டுவதும் குறைந்ததும் ஒரு காரணம், எல்லாப் பெருமையையும் சட்டத்துக்கே கொடுக்க முடியாது. (அந்த ராபன்ஸ் யார் தெரியுமா? 1966-ல் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமலை சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தபோது, தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவர். அவரையேதான் பிறகு இந்தக் குழுவுக்குத் தலைவராகவும் போட்டார்கள்.)

ஆனால் தாள் எல்லாம் வெட்டி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டன் பக்கத்து வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6. ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை, வால்வு இருந்த இடத்தை ஒரு மூடித்தகடு போட்டு மூடிவிட்டுப் போனார்கள். ‘இந்தப் பம்ப்பை ஓட்டக்கூடாது’ என்று சொல்லியிருக்க வேண்டிய அனுமதித் தாள் இரவு ஷிப்டின் கண்ணில் படவில்லை. மற்ற பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்தது, வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு தாள் சரியான கைக்குப் போயிருந்தால் அந்தப் பம்ப்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உங்கள் இருபது பதிவேட்டில் அப்படிப்பட்டது எது என்று கண்டுபிடியுங்கள். வேலை அனுமதித் தாள் அதில் ஒன்றாக இருக்கும். மீதியைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த விபத்துக்குப் பிறகு நீதிபதி லார்டு கல்லன் நடத்திய விசாரணை 106 பரிந்துரை கொடுத்தது. அதன்படி, கடல் எண்ணெய்ப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பை எரிசக்தித் துறையிடமிருந்து பிடுங்கித் தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். எண்ணெயைச் சீக்கிரம் எடு என்று முடுக்குகிற வாயே, மெதுவாகப் பார்த்துச் செய் என்றும் சொல்ல முடியாது.

கேள்வி: முகமூடி, கண்ணாடி எல்லாம் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் போடுவதில்லை. இனி அவர்கள் பாடு என்று விட்டுவிடலாமா?

நீங்கள் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் வேண்டாம், ஒரு மணி நேரம் கல் அறுத்துப் பாருங்கள். கண்ணாடி வியர்த்து மங்கும், மூச்சு முட்டும். முகமூடி கடைசி வழி. அதற்கு முன்னால் ஆபத்தையே எடுக்க முடியுமா, வேறு பொருளுக்கு மாற முடியுமா, தூசியை அது எழும் இடத்திலேயே பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு எழாது. கல்லை அறுக்கும்போது வரும் சிலிக்கா தூசியில் நுரையீரலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான், தெரிகிற புழுதி மூக்கிலேயே நின்றுவிடும். சமையல் மேடைகளுக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்களின் நுரையீரல் கெட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. அங்கேயும் முகமூடி கொடுத்துத்தான் பார்த்தார்கள்.

கேள்வி: என் கணவர் ஒப்பந்தத்தில் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறார். விதியெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. நான் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும் சகோதரி. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், இதை மட்டும் அவரிடம் கேளுங்கள்.

முதலில், உள்ளே இறங்காமல் வெளியிலிருந்தே எந்திரத்தால் உறிஞ்சி எடுக்க முடியாதா என்று கேட்கச் சொல்லுங்கள். முடியும் என்றால் இறங்கவே கூடாது.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாயு அளக்கும் கருவி எங்கே என்று கேளுங்கள். கைக்குள் அடங்கும் பெட்டிதான், அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் மேலும் நடுவிலும் அடியிலும் விட்டு அளப்பார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே காட்டினால் இறங்கக்கூடாது. தீக்குச்சி கொளுத்திப் பார்த்தோம், அணையவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதுவே வெடிக்க வைக்கும். நாற்றம் அடிக்கவில்லை, அதனால் பயமில்லை என்றும் சொல்வார்கள். அழுகிய முட்டை மாதிரி நாறும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுபோவதுதான் மோசம்.

இடுப்பிலும் தோளிலும் பட்டை கட்டி, கயிறு தொட்டிக்கு மேலே நிற்கும் மூன்று கால் தாங்கியில் மாட்டியிருக்கிறதா? உள்ளே ஒருவர் சாய்ந்தால் வெளியில் இருந்தபடியே தூக்கத்தான் அது. அது இல்லாத இடத்தில் ஒருவர் விழுந்ததும் இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார், பிறகு மூன்றாவது ஆள். ஒரே தொட்டியிலிருந்து மூன்று பேரை எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் காப்பாற்றப் போனவர்கள்.

கடைசியாக, தொட்டியின் வாய்ப்பக்கம் வெளியே நிற்கிற ஆள் யார் என்று கேளுங்கள். அவருக்கு வேறு வேலை எதுவும் இருக்கக்கூடாது. உங்கள் கணவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் அவர் வேலை. அவர் ஐந்து நிமிடம் எங்காவது போக வேண்டும் என்றால், திரும்பி வரும்வரை உங்கள் கணவரும் வெளியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.